சுழி

கொல்லிமலையில் அரப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் ஐயாறு, பாறைகளுக்கிடையே சுழித்து ஓடுகிறது. சுழல், சுழற்று, சுழி மூன்றும் ஒரே வேர். நீர்ச்சுழி தலைச்சுழியாகி, பிள்ளையார் சுழியாகி, மூன்று சுழி ‘ண’வாகி, வட்டமாக எழுதும் பூச்சியத்துக்கும் பெயரானது. ‘அவன் சுழி அப்படி’ என்றால் தலையெழுத்து.

பாடநூல்களில் −273.15 டிகிரி செல்சியஸுக்குத் தனிச்சுழி வெப்பநிலை என்று பெயர். கடிகார முள் சுற்றும் திசை வலஞ்சுழி, எதிர்த்திசை இடஞ்சுழி. காவிரிக் கரையில் திருவலஞ்சுழி என்று ஊரே இருக்கிறது.

இந்தச் சொற்களெல்லாம் கூடும் இடம் மீக்குளிர் வாயு. ரூபிடியம் அணுக்களைத் தனிச்சுழிக்கு மேலே, கெல்வினில் கோடியில் சில பங்கு வெப்பத்தில் வைத்து, லேசரால் தாள்போலத் தட்டையாக்குகிறார்கள். அப்போது வாயுவில் தோன்றும் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் சோடி சேர்ந்தே கிடக்கும். அணு அலைகள் ஒன்றோடொன்று ஒத்து அசையும் ஓரியல் தன்மை நெடுந்தூரம் நிற்கும். கொஞ்சம் சூடேறினால் சோடிகள் பிரிந்து சுழிகள் தனியே அலையும், ஓரியல் தன்மை குலையும். இந்த நிலைமாற்றத்தை 1970களின் தொடக்கத்தில் கணித்தவர்கள் பெரெசின்ஸ்கி, காஸ்டர்லிட்ஸ், தௌலஸ். பின்னவர் இருவருக்கும் 2016இல் ஹால்டேனோடு சேர்த்து நோபல் பரிசு. (இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்பது வேறு கணிப்பு.)

2006இல் பாரிசில் இந்த நிலைமாற்றத்தைக் கண்ணால் பார்த்தார்கள். இரண்டு வாயுத் தகடுகளை ஒன்றோடொன்று கலந்து படரவிட்டபோது வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் குறுக்கீட்டுப் பட்டைகள் தோன்றின. சிலவற்றில் ஓரிடத்தில் மட்டும் பட்டை சட்டென்று விலகி, வெளிச்ச வரிக்கு நேரே இருட்டு வரி வந்திருந்தது. அங்கே ஒரு சுழி.