கீழூரில் எட்டுப் பேர்

வில்லியனூர்ப் பக்கம் இருக்கிறது கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதிகள் சபை, நகரசபை உறுப்பினர்கள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிராக 8. பாடப்புத்தகத்தில் இரண்டு வரி. ஆகஸ்ட் 16 வந்தால் நினைவிடத்தில் கொடி ஏத்துவாங்க, அவ்வளவுதான்.

அந்த 170க்குப் பின்னால் ஒரு நீண்ட பகை இருக்கிறது. 1936 ஜூலை 30 அன்று 12 ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டுக்கொன்ற ஆட்சியை எதிர்த்து வளர்ந்தவர்கள் வ. சுப்பையாவும் தோழர்களும். அவர்களோடு தெருவில் மோதியது எதுவார் குபேரின் பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி. பிரான்சின் பக்கம் நின்ற கட்சி. 1954 மார்ச்சில் குபேர் தடம் மாறினார். மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடியோடு நின்றார். மனமாற்றமா, கணக்கா? இரண்டும்தான் என்பது என் கருத்து. எப்படியோ, எதிரெதிர் முகாம்கள் ஒரு புள்ளிக்கு வந்தன. அதை வாக்காகப் பதிவு செய்தவை, 1880 முதல் பிரெஞ்சு முறைப்படி இயங்கிவந்த கொம்யூன்களின் நகரசபைகள். பாகூர், வில்லியனூர் போன்ற கிராமப்புறக் கொம்யூன்களுக்கும் அதில் குரல் இருந்தது.

பகை கொண்டவர்கள் ஒரு முடிவுக்கு வருவது பற்றி யோசிக்கும்போது இரோக்குவாக்கள் நினைவுக்கு வருகிறார்கள். நம்மில் பலருக்கு அவர்கள் எங்கெல்ஸ் வழியாக அறிமுகம். மார்கனின் ஆய்வை வைத்து 1884இல் அவர் எழுதிய குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றிய நூலில் வருகிறார்கள். இரோக்குவா என்பது பிரெஞ்சுக்காரர்கள் புழங்கிய பெயர். தங்களை அவர்கள் நீண்டவீட்டு மக்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். (டச்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரியை 1699இல் திரும்பப் பெற்ற அதே பிரெஞ்சுக்காரர்கள், 1701இல் மொன்றியாலில் இவர்களோடு சமாதானம் செய்துகொண்டார்கள். ஒரே எஜமான், ரெண்டு கண்டம்.)

ஒருவரையொருவர் பழிக்குப் பழி கொன்றுகொண்டிருந்த ஐந்து இனங்கள் ஆயுதங்களை வெள்ளைப் பைன் மரத்தடியில் புதைத்துக் கூட்டமைப்பானதாக அவர்கள் மரபு சொல்கிறது. பின்னர் டஸ்கரோராக்கள் ஆறாவதாகச் சேர்ந்தார்கள். அங்கே பெரும்பான்மை வாக்கு கிடையாது. மோஹாக்கும் செனெக்காவும் தீயின் ஒருபுறம், ஒனைடாவும் கயூகாவும் எதிர்ப்புறம், ஒனொண்டாகா தீயைக் காப்பவர்கள். எல்லோரும் இசையும்வரை பேச்சு ஓயாது. தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது குலத்தாய்மார். தவறினால் எச்சரித்து, பிறகு பதவிக்கு அடையாளமான மான்கொம்பைக் கழற்றிவிடுவார்கள். அங்கே இசைவை உண்டாக்கியது நல்லெண்ணம் மட்டுமல்ல, கழற்றும் உரிமையும்தான்.

இதை ‘பழங்குடி ஞானம்’ என்று சட்டைமேல் குத்திக்கொள்ள வேண்டியதில்லை. வெளியே ஹூரோன்களை 1649இல் சிதறடித்ததும் இதே கூட்டமைப்புதான். 1777இல் அமெரிக்கப் போரில் எந்தப் பக்கம் என்பதில் அதுவே உடைந்தது. ஒனைடாக்கள் அமெரிக்கர் பக்கம், மோஹாக்குகள் பிரிட்டன் பக்கம். ஆனால் இசைவு குலைந்தபோது, பெரும்பான்மை எண்ணிக்கையைக் காட்டி அதை மூடி மறைக்க முடியவில்லை.

கீழூரின் எட்டுப் பேரை அந்தத் தீயின் முன் உட்காரவைத்துப் பார்க்கிறேன். அவர்கள் சொன்னது சரி என்று வாதாடவில்லை. காலனியத்துக்கு வக்காலத்து வாங்க நான் தயாரில்லை. ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயம் 170 பேருக்கு இல்லை. ஒரே நாளில் எண்ணி முடித்தாயிற்று. 178இல் சேரியின் பங்கு என்ன, பெண்களின் பங்கு என்ன என்ற கேள்வியும் அந்த எண்ணிக்கைக்குள் அடங்கிப்போகிறது.

1956 மே 28 ஒப்பந்தம் ஒரு வாக்குறுதி தந்தது: இப்பகுதியின் அமைப்பை மாற்றுவதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே. 1979 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் அண்டை மாநிலத்தோடு சேர்ப்பது பற்றிப் பேசியதும், கட்சி பேதம் பார்க்காமல் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. இணைப்புப் பேச்சு அடங்கியது. கீழூரில் பிரதிநிதிகள் செய்ததைவிட ஆழமான இசைவு இது என்பேன். யாரும் கூட்டிவந்து எண்ணவில்லை.

ஆனால் 1954இல் வாக்களித்த அந்தக் கொம்யூன்கள்? 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 38 ஆண்டுகள் ஆனது. இடையில் 1973இல் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் மட்டும் வந்தது. 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேர்தல் அறிவிப்பு வந்து, நின்றுபோனது. கழற்றுவதற்குக்கூட பாகூரில் ஒரு கொம்பு இல்லை.