நடனப் போட்டியில் மேடை நடுக்கம்

போட்டிக்கு முன்பும் ஆடும்போதும் ஆடுபவரைப் பற்றிக்கொள்ளும் அச்சப் பதற்றமே மேடை நடுக்கம். பயிற்சி போதாதவருக்குத்தான் இது வரும் என்பது தவறு. பல ஆண்டு மேடை கண்டவர்களுக்கும் வரும். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் நட்டுவனார் அருகிலமர்ந்து தாளத்தைத் தாங்குகிறார்; ஒரு உருப்படியில் தடுமாறினால் அடுத்ததில் ஈடுகட்டலாம். போட்டியிலோ பெரும்பாலும் பதிவு செய்த இசை, ஒரே உருப்படி, சில நிமிடங்கள், எதிரே நடுவர்கள். நடுக்கம் அங்கே இறுகுவதில் வியப்பில்லை.

ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினை வெளிவிடுகின்றன. இதயம் விரைகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைகிறது. கை சில்லிடுவதும் வயிறு புரள்வதும் அதனால்தான். பரதத்தில் இதை ஒளிக்க இடமில்லை. பதாகம் பிடித்த விரல் நுனி நடுங்கும், அரைமண்டியில் தொடை துடிக்கும், உள்ளங்கால் வியர்த்து வழுக்கும். இவை எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது காலம் ஓடுவதுதான். படபடக்கும் நெஞ்சுக்குப் பழகிய வேகமும் மெதுவாகத் தோன்ற, ஆடுபவர் பாட்டை முந்திவிடுகிறார். பதிவிசை யாருக்காகவும் நிற்காது.

நடுக்கத்தை அடியோடு ஒழிக்க முயல்வது வீண். கடினமான பணிக்கு மிகையான தூண்டலைவிட மிதமான தூண்டலே உதவுகிறது என்று உளவியலாளர்கள் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் 1908இல் காட்டினர். அவர்கள் சோதித்தவை ‘நடன எலிகள்’ எனப் பெயர் பெற்ற சுழன்றாடும் இன எலிகள் என்பது பொருத்தமான தற்செயல். ‘அமைதியாக இரு’ என்று தம்மை அடக்கியவர்களைவிட, ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் பாடுவதிலும் பேசுவதிலும் மேலாகச் செய்ததை அலிசன் உட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு கண்டது.

பாதி வேலை ஒத்திகையிலேயே முடிந்துவிட வேண்டும். உடை, சலங்கை, நகை எல்லாம் அணிந்து, முன்பின் தெரியாதவர்கள் பார்க்க ஆடிப் பழகுவது அவசியம். இறுகக் கட்டிய ஒட்டியாணம் வயிற்றிலிருந்து மூச்சிழுக்க விடாது. அதைப் போட்டியன்று முதன்முதலாக உணரக்கூடாது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து ஆடுவதும் ஒரு பயிற்சியே, ஏனெனில் ஒப்பனை அறைக் காத்திருப்பில்தான் பலர் தளர்ந்துபோகிறார்கள். எப்போதும் தொடக்கத்திலிருந்தே ஆடிப் பாடம் செய்தவர் நடுவில் மறந்தால் திகைத்து நிற்பார். உருப்படியை எந்த வரியிலிருந்தும் எடுக்கப் பழகியவர், தட்டுமெட்டுப் போட்டபடி அடுத்த தீர்மானத்தில் (அடவுக் கோவையின் முடிப்பில்) வந்து சேர்ந்துகொள்வார்.

மேடை ஏறுமுன் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்ட வேண்டும். இதயத் துடிப்பு தணியும். பாவமில்லாத தூய ஆட்டமான நிருத்தத்தில் சொற்கட்டு மனத்துக்குள் ஓடட்டும். வேறு நினைப்புக்கு இடமிருக்காது. அபிநயத்தில் தோழியிடம் பேசுபவர் தோழியைத்தான் பார்க்க வேண்டும். நடுவர் முகத்தைப் படிக்கத் தொடங்கியதுமே பாத்திரம் கலைந்துவிடுகிறது.

ஜேம்ஸ் பிளாக் 1960களில் உருவாக்கிய புரோப்ரனலால் மாத்திரையை மேடைக் கலைஞர் சிலர் நடுக்கத்துக்காக எடுப்பதுண்டு. அது இதயம் விரைவதைத் தடுப்பதால், மூச்சிரைக்க ஆடவேண்டியவருக்கு உகந்ததல்ல. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

நடுக்கத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. கேரளப் பள்ளிக் கலைவிழாவான கலோல்சவத்தில் 1986 முதல் வழங்கப்பட்ட கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்கள், போட்டி எல்லை மீறியதால் பின்னாளில் கைவிடப்பட்டன. வீட்டிலும் அதே முடிவை எடுக்கலாம். மேடையிலிருந்து இறங்கிய பிள்ளை சலங்கையைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும் வரையாவது, பெற்றோரும் ஆசிரியரும் மதிப்பெண் பேச்சை எடுக்க வேண்டாம்.