பப்

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே பப். பொதுமக்கள் வந்து உண்ணவும் குடிக்கவும் திறந்துவிட்ட வீடு என்பது பொருள். நம் நகரங்களில் பப் என்றால் காதைப் பிளக்கும் இசையும் ஆட்டமும் நினைவுக்கு வரும். இங்கிலாந்தின் கிராமத்துப் பப் அப்படியல்ல. குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் இடம் அது.

பெயரில் உள்ள 'வீடு' வெறும் அலங்காரம் அல்ல. ஏல் என்னும் பீர் வகையை விற்ற பழைய கடைகள் பல, வீட்டில் காய்ச்சிய பானத்தை அங்கேயே விற்றவை. 1830-இல் வந்த பீர்ஹவுஸ் சட்டம், வரி செலுத்துவோர் இரண்டு கினி கட்டி உரிமம் பெற்றுத் தம் வீட்டிலேயே பீர் விற்க வழிசெய்தது.

எழுத்தறியாதவர்களுக்காக வாசலில் படப்பலகை தொங்கியது; படமே பெயரானது. 'ராயல் ஓக்' என்ற பெயர், 1651-இல் வூஸ்டர் போரில் தோற்ற மன்னர் இரண்டாம் சார்லஸ் ஒளிந்திருந்த ஓக் மரத்தைக் குறிப்பது.

இந்தப் பப்களில் பெரும்பாலும் மேசைக்கு யாரும் வந்து கேட்க மாட்டார்கள். நாமே கல்லாப் பக்கம் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். பணியாளர் நீண்ட கைப்பிடியை இழுக்க, நிலவறைப் பீப்பாயிலிருந்து ஏல் மேலேறி 568 மில்லி கொள்ளும் பைன்ட் கோப்பையில் நிறையும். கூடவே ரொட்டி, செடார் பாலாடைக்கட்டி, வெங்காய ஊறுகாய் சேர்ந்த 'பிளௌமன்ஸ் லஞ்ச்'. ஞாயிறென்றால் யார்க்‌ஷயர் புட்டிங்கோடு வாட்டிய இறைச்சி.

ஊர்க்காரர்கள் தங்கள் பப்பை 'லோக்கல்' என்பார்கள். அந்தச் சொல்லில் உரிமையும் பாசமும் இருக்கின்றன.