புரோட்டியேஸ்

புரோட்டியேஸ் (புரதச்சிதைப்பு நொதி) என்பது புரதத்தின் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்புகளை, நீர் மூலக்கூறின் துணையுடன் உடைக்கும் நொதிகளின் பொதுப்பெயர். பன்னாட்டு நொதி வகைப்பாட்டில் இவை 3.4 என்ற பிரிவில் அடங்கும். புரதச் சங்கிலியை நடுவே வெட்டுபவை எண்டோபெப்டிடேஸ்கள். முனையிலிருந்து கழற்றுபவை எக்சோபெப்டிடேஸ்கள்.

உடலில் பங்கு

இரைப்பையில் சுரக்கும் பெப்சின் கடும் அமிலச் சூழலிலும், கணையத்தின் டிரிப்சின் சிறுகுடலின் மென்காரச் சூழலிலும் உணவுப் புரதத்தைச் செரிக்கின்றன. சுரக்கும் உறுப்பையே சிதைத்துவிடாதபடி இவை பெப்சினோஜன், டிரிப்சினோஜன் என்னும் செயலற்ற வடிவில் உருவாகி, உரிய இடத்தை அடைந்த பிறகே செயல்பெறுகின்றன. டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே செயல்படத் தொடங்குவது கடும் கணைய அழற்சியில் காணப்படுகிறது. இரத்தம் உறைவதிலும் புரோட்டியேஸ் உண்டு: திராம்பின், ஃபைப்ரினோஜனை வெட்டி ஃபைப்ரின் இழைகள் உருவாக வழிசெய்கிறது.

வரலாறு

1836இல் தியோடர் ஷ்வான் பெப்சினைக் கண்டறிந்தார். ஜான் நார்த்ராப் அதைப் படிகமாகப் பிரித்து, அது ஒரு புரதமே என்று காட்டினார். 1946இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அன்றாடப் பயன்பாடு

ஆட்டிறைச்சி விரைவில் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு சேர்ப்பதன் காரணம் அதிலுள்ள பப்பெயின். காயைக் கீறி வடிக்கும் பாலிலிருந்து இது தொழில்முறையில் எடுக்கப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இதற்கு ஏற்றவை. அன்னாசியின் புரோமெலைன் ஜெலட்டினைச் சிதைப்பதால், பச்சை அன்னாசி சேர்த்த ஜெல்லி உறைவதில்லை. வேகவைத்த பழத்தில் நொதி செயலிழந்திருப்பதால் அந்தச் சிக்கல் இல்லை. பாலாடைக்கட்டித் தயாரிப்பில் கைமோசின், பாலின் கேசீன் புரதத்தை ஓரிடத்தில் மட்டும் வெட்டித் திரளச் செய்கிறது.

சலவைத்தூளில் நொதியைச் சேர்க்கும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் முதல் உலகப் போர்க்காலத்தை ஒட்டி அறிமுகப்படுத்தினார். இன்று பேசில்லஸ் பாக்டீரியாக்களிலிருந்து பெறப்படும் சப்டிலைசின் இரத்தம், முட்டைக் கறைகளை நீக்கப் பயன்படுகிறது. பட்டும் கம்பளியும் புரத இழைகள் என்பதால், நொதி கலந்த சலவைத்தூள் அவற்றுக்கு உகந்ததல்ல.

மருத்துவம்

எச்.ஐ.வி. தன் புரதங்களை முதிர்வடையச் செய்யத் தனக்குரிய புரோட்டியேஸை நம்பியுள்ளது. அதைத் தடுக்கும் சாக்வினாவிர் 1995இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வகைத் தடுப்பான்கள் கூட்டு மருந்துச் சிகிச்சையில் இடம்பெற்ற பின் எய்ட்ஸ் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.