கூண்டுச் சண்டையும் வாடிவாசல் வேலியும்: ஒரு குட்டி வரலாறு

1/ 90ஸ் கிட்ஸ் மறந்திருக்க மாட்டீங்க. 1997 அக்டோபர்ல அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்ஸும் கூரை போட்ட இரும்புக் கூண்டுக்குள்ள மோதினாங்க. அதுதான் முதல் 'ஹெல் இன் எ செல்'. சண்டை போடுறவன் தப்பிச்சு ஓடக் கூடாதுன்னு வச்ச கூண்டு அது.

2/ நம்ம மதுரையிலும் ஒரு கூண்டு இருக்கு. ஆனா அது வேடிக்கை பார்க்கிற உங்களைக் காப்பாத்த வந்தது. அது எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம்.

3/ கலித்தொகையின் முல்லைக்கலியிலேயே ஏறு தழுவும் களத்துக்குத் 'தொழு' என்று பேர். மாட்டை அடைக்கிற இடம். ஆக, அடைப்பு நமக்குப் புதுசு இல்லை.

4/ பின்னாடி ஊர்த் தெருவிலும் திடலிலும் நடந்தப்போ, வாடிவாசலைத் தாண்டின காளைக்கும் கூட்டத்துக்கும் நடுவுல பெருசா எதுவும் இருக்காது. மொட்டை மாடி கிடைச்சவன் தப்பிச்சான். தரையில நின்னவன் ஓடணும்.

5/ 2006ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்டது. 2007ல் டிவிஷன் பெஞ்ச் அதை நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இந்த இழுபறிக்கு நடுவுல வந்ததுதான் 2009 தமிழ்நாடு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம்.

6/ இரட்டைத் தடுப்பு வேலி, பார்வையாளர் கேலரி, மருத்துவக் குழு எல்லாம் அதுலதான் கட்டாயமாச்சு. 2014 மே மாசம் உச்ச நீதிமன்றத் தடை. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு ஜல்லிக்கட்டு திரும்ப வந்தப்போ விதிகள் இன்னும் இறுகிச்சு. 2024 ஜனவரி 24ல் அலங்காநல்லூர் பக்கம் கீழக்கரையில் இதுக்குன்னே நிரந்தர அரங்கமே திறந்தாச்சு.

7/ இப்போ ஒரு டாக்டரா நான் சொல்ல வேண்டியது. வேலி ஒரு இடத்துல முடியுது. அதைத் தாண்டி, கயிறோட உரிமையாளர்கள் காத்திருக்கிற காளை சேகரிப்பு இடம். மிரண்டு ஓடி வர்ற மாடும் மனுஷனும் நேருக்கு நேர் நிக்கிறது அங்கதான். சமீப வருஷங்கள்ல உயிரை விட்டவங்கள்ல வேடிக்கை பார்க்க வந்தவங்களும் உரிமையாளர்களும் உண்டு. ஆபத்து ஒழியலை, இடம் மாறியிருக்கு. அவ்வளவுதான்.

8/ கொம்புக் குத்தைச் சாதாரணமா நினைக்காதீங்க. வெளியில சின்ன ஓட்டைதான் தெரியும். குத்தினதும் மாடு தலையைத் திருப்பும்ல? அந்த நொடியில உள்ளே தசை, ரத்தக் குழாய், குடல் எதுவும் கிழிஞ்சிருக்கலாம்.

9/ பக்கத்துல நீங்க இருந்தா:
• ரத்தம் கொட்டுற இடத்தைச் சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க.
• குடல் வெளிய வந்திருந்தா உள்ளே தள்ளாதீங்க. சுத்தமான ஈரத் துணியால மூடுங்க.
• மஞ்சள், காபித்தூள் வேண்டாம். சோடா, தண்ணி குடிக்கவும் கொடுக்காதீங்க. ஆபரேஷன் தேவைப்படலாம்.
• உடனே 108. அங்கேயே மருத்துவ முகாம் இருக்கும், தூக்கிட்டுப் போங்க.
• "சின்னக் காயம்தான்"னு வீட்டுக்குக் கிளம்பாதீங்க. டெட்டனஸ் ஊசியும் போட்டாகணும்.

10/ அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் எங்க போனாலும் கேலரியில உட்கார்ந்து பாருங்க. சேகரிப்பு இடத்துல செல்ஃபிக்கு நிக்காதீங்க. அந்த வேலி எத்தனையோ உயிர் போனதுக்கு அப்புறம் வந்தது மக்களே. அதுக்கு உள்ள குதிக்காதீங்க, அது முடியுற இடத்துலயும் நிக்காதீங்க.