ஒட்டித் தைத்த எலிகளும் ஒரு பழைய குழப்பமும்

சர்க்கரை நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஒரு குழப்பம். உடம்பில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை கூடும் என்கிறார்கள். சரி. ஆனால் லிப்போடிஸ்ட்ரோஃபி என்று ஓர் அபூர்வ நோய் இருக்கிறது. அதன் கடுமையான வகை வந்தவர்களுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பே அனேகமாக இருக்காது. அவர்களுக்கும் மோசமான சர்க்கரை நோய் வருகிறது. கொழுப்பு கூடினாலும் சர்க்கரை, இல்லாவிட்டாலும் சர்க்கரை. இது என்ன கணக்கு?

பதில் தேடிப் போனதில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற கடலோர ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் போய் நின்றேன். நேரில் இல்லைங்க, கட்டுரைகள் வழியாகத்தான்.

1949-ல் அங்கே வளர்த்த சுண்டெலிகளில் சில, கட்டுமீறிக் குண்டாயின. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு அது. அந்த மரபணுவுக்கு 'ஓபி' என்று பெயர் வைத்தார்கள். 1966-ல் இன்னொரு வகை எலியைப் பற்றிய கட்டுரை வந்தது. அதுவும் குண்டு, கூடவே கடுமையான சர்க்கரை நோய். அதற்கு 'டிபி' என்று பெயர்.

கனடாவில் பிறந்த உயிர்வேதியியலாளர் டக்ளஸ் கோல்மன் இந்த எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு எலிகளின் விலாப்பக்கத் தோலைத் திறந்து ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்துவிடுவார். சில நாட்களில் நுண்குழாய்கள் இணைந்து, ஒன்றின் ரத்தம் மற்றதற்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். படிக்கவே சங்கடமாகத்தான் இருந்தது.

டிபி எலியைச் சாதாரண எலியோடு தைத்தபோது, சாதாரண எலிக்குச் சர்க்கரை நோய் வரவில்லை. அது சாப்பிடுவதை நிறுத்திப் பட்டினியால் செத்தது. டிபி பாட்டுக்குத் தின்றுகொண்டே இருந்தது. டிபியை ஓபியோடு தைத்தாலும் அதே கதை: ஓபி பட்டினியால் செத்தது, டிபி குண்டாகவே இருந்தது.

கோல்மன் இதிலிருந்து எடுத்த முடிவு எளிமையானது. 'போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது. டிபி எலியிடம் அது ஏராளமாக இருக்கிறது, கேட்கத்தான் காது இல்லை. ஓபி எலிக்குக் காது இருக்கிறது, சொல்ல ஆள் இல்லை. 1973-ல் இதை எழுதினார். அந்தப் பொருள் எது என்று அவரால் பிடிக்க முடியவில்லை. குண்டாவது வாய்க்கட்டு இல்லாததால்தான் என்று நம்பிய பலர் அவர் சொன்னதை ஏற்கவும் இல்லை.

நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-ல் ஓபி மரபணுவைக் கண்டுபிடித்தது. அதிலிருந்து உருவாகும் ஹார்மோனுக்கு, மெலிவு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயர் வந்தது. அதைச் சுரப்பது கொழுப்புச் செல்கள்! சும்மா கிடக்கும் கிடங்கு என்று நினைத்தது, மூளைக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. 1995-ல் ஓபி எலிகளுக்கு ஊசி போட்டபோது இளைத்தன, சர்க்கரையும் இறங்கியது. டிபி எலிகள் அசையவில்லை. கோல்மன் சொன்னது சரி.

இதில் இன்சுலின் எங்கே வருகிறது? கொழுப்பைச் சேமிக்கச் சொல்வதும், சேமித்ததைக் கரையவிடாமல் வைப்பதும் இன்சுலின். அது அறவே இல்லாத முதல் வகை நோயில் கொழுப்பு கரைகிறது, லெப்டினும் விழுகிறது. ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து கிடக்கும்போதே அகோரப் பசி எடுப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி என் குழப்பத்துக்கு வருவோம். நெல் கொட்டும் குதிர் மாதிரிதான் கொழுப்புத் திசு. குதிர் நிரம்பி வழிந்தாலும், குதிரே இல்லாவிட்டாலும், நெல் வீட்டுக்குள்தான் சிதறும். அப்படி ஈரலிலும் தசையிலும் கொழுப்பு சேர்ந்தால் அங்கே இன்சுலின் சொல் எடுபடாது. இரண்டாம் வகை நோயும் லிப்போடிஸ்ட்ரோஃபியும் இந்த இடத்தில்தான் சந்திக்கின்றன.

ஆம்ஜென் நிறுவனம் லெப்டின் உரிமைக்கு 2 கோடி டாலர் கொடுத்தது. இளைக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருந்தது. டிபி எலி மாதிரி, குறைபாடு கேட்கும் பக்கத்தில்.

உண்மையில் பலன் கிடைத்தது கொழுப்பே இல்லாதவர்களுக்குத்தான். 2002-ல் வெளியான ஆய்வில் லிப்போடிஸ்ட்ரோஃபி உள்ள 9 பெண்களுக்கு 4 மாதம் லெப்டின் கொடுத்தார்கள். டிரைகிளிசரைடு சராசரியாக 60 சதவீதம் இறங்கியது, சர்க்கரையும் நன்றாகக் குறைந்தது. 2014-ல் அமெரிக்காவில் இது மருந்தாக அனுமதி பெற்றது. அதற்காக லெப்டின் இன்சுலினுக்கு மாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் வகை நோயாளிக்கு இன்சுலின்தான் உயிர்.

"வாயைக் கட்டினா எல்லாம் சரியாயிடும்" என்று நானும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்ல எனக்கு என்ன, என் காது நன்றாகக் கேட்கிறது. உணவுக் கட்டுப்பாடு வேண்டாம் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தொனியில் இனிமேல் சொல்லமாட்டேன்.