மும்மடங்கு இலாபம் என்ற நிதியங்கள்: சிறு முதலீட்டாளரைக் காக்கும் சட்டங்கள் எங்கே நிற்கின்றன?

பங்குச் சந்தைச் சுட்டெண் ஒன்று இன்று 10 சதவீதம் விழுந்து, நாளை பழைய இடத்துக்கே திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்டெண்ணை அப்படியே பின்தொடரும் சாதாரண நிதியத்தில் 100 டொலர் போட்டவரிடம் அதே 100 டொலர் இருக்கும். சுட்டெண்ணின் மும்மடங்கு மாற்றத்தைத் தரும் நிதியத்தில் போட்டவரிடமோ ஏறத்தாழ 93 டொலர்தான் மிஞ்சும். முதல்நாள் 30 சதவீதம் விழுந்து 70 ஆகிறது. மறுநாள் 33.3 சதவீதம் ஏறினாலும் 93.3 தான். இதில் மோசடி எதுவும் இல்லை. கணக்கே அப்படித்தான்.

இவை லெவரேஜ் நிதியங்கள் எனப்படுகின்றன. கடனையும் ‘டெரிவேட்டிவ்’ எனப்படும் ஒப்பந்தங்களையும் கொண்டு இவை விலை மாற்றத்தைப் பெருக்குகின்றன. சந்தை விழும்போது இலாபம் தரும் எதிர்த்திசை நிதியங்களும் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை வாக்களிப்பது ஒரு நாளுக்கான பெருக்கத்தை மட்டுமே. அடுத்த நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். மாதக்கணக்கில் வைத்திருப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை, இடையில் சந்தை எவ்வளவு தளம்பியது என்பதே தீர்மானிக்கும்.

அமெரிக்கா: ஆளையா, பொருளையா கட்டுப்படுத்துவது?

இந்த நிதியங்கள் அமெரிக்கச் சந்தைக்கு 2006இல் வந்தன. 2009 ஓகஸ்டில் அந்நாட்டின் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவும், தரகு நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் ஃபின்ரா அமைப்பும் கூட்டாக எச்சரிக்கை விடுத்தன. சுட்டெண் ஒன்று சில மாதங்களில் 8 சதவீதம் அளவில் ஏறியபோது, அதன் மும்மடங்கு நிதியம் 53 சதவீதம் இழந்ததையும், மும்மடங்கு எதிர்த்திசை நிதியம் 90 சதவீதம் இழந்ததையும் அவை எடுத்துக்காட்டின. சந்தை எந்தப் பக்கம் போகும் என்று சரியாகக் கணித்தவரும் பணத்தை இழந்தார்.

2012 மே மாதம், இவற்றை உரிய மேற்பார்வையின்றி விற்றதற்காக சிற்றிகுரூப், மோர்கன் ஸ்டான்லி, யூ.பி.எஸ்., வெல்ஸ் பார்கோ ஆகியவற்றின் தரகு நிறுவனங்களை ஃபின்ரா தண்டித்தது. தண்டப்பணமும் நட்டஈடுமாக அவை செலுத்த வேண்டியிருந்த தொகை 91 இலட்சம் டொலருக்கும் அதிகம்.

அதன் பின்னர் ஆலோசகர் எவருமின்றித் தொலைபேசியிலேயே வாங்கும் காலம் வந்தது. வாடிக்கையாளரின் நிதிநிலையையும் அனுபவத்தையும் விசாரித்த பின்னரே தரகர் அனுமதிக்க வேண்டும் என்ற விதியை ஆணைக்குழு 2019 நவம்பரில் முன்மொழிந்தது. எமது பணத்தை எதில் போடுவது என்பது எமது உரிமை என்று ஆயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் எதிர்த்து எழுதினர். 2020 ஒக்டோபரில் அந்த யோசனை கைவிடப்பட்டது. பதிலாக, நிதியத்தின் ஆபத்து அதன் சுட்டெண்ணின் ஆபத்தைப் போல் இருமடங்கைத் தாண்டக்கூடாது என்ற எல்லை வந்தது. ஏற்கெனவே இருந்த மும்மடங்கு நிதியங்களுக்குத் தொடர அனுமதி கிடைத்தது.

இந்த எல்லையில் ஓர் ஓட்டை உண்டு. அது மடங்கைத்தான் அளக்கிறது. பெருக்கப்படும் பொருள் எவ்வளவு தளம்பும் என்பதை அளப்பதில்லை. 2022 யூலையில் தனியொரு நிறுவனத்தின் பங்கு விலையையே பெருக்கும் நிதியங்கள் அங்கு விற்பனைக்கு வந்தன. நூற்றுக்கணக்கான பங்குகள் சேர்ந்த சுட்டெண்ணை விடத் தனிப்பங்கு பொதுவாகக் கடுமையாக ஆடும். இருமடங்கு என்ற விதிக்குள் நின்றே பெரிய இழப்பு வரலாம்.

வேறு இரு வழிகள்

தென்கொரியா ஆளைச் சோதிக்கிறது. 2020 ஏப்ரலில் எண்ணெய் விலை சரிந்தபோது, அது மீளும் என்று நம்பி அங்குள்ள சிறு முதலீட்டாளர்கள் எண்ணெய் விலையைப் பெருக்கும் முதலீடுகளில் முண்டியடித்தனர். அதே ஆண்டில் கட்டாய இணையவழிப் பாடமும், கணக்கில் ஒரு கோடி வொன் வைப்பும் தேவை என்ற விதிகள் வந்தன. பாடம் அறிவைச் சோதிக்கலாம். வைப்புத்தொகை சோதிப்பது வசதியை மட்டுமே.

ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஓகஸ்டில், நிதியம் அல்லாவிடினும் இவற்றுக்கு நெருங்கிய சி.எஃப்.டி. ஒப்பந்தங்களுக்கு எல்லை போட்டது. பெருக்கம் பொருளைப் பொறுத்து 30 மடங்கு முதல் 2 மடங்கு வரை குறைக்கப்பட்டது. கணக்கிலுள்ள பணத்துக்கு மேல் நட்டம் போகக்கூடாது. தமது வாடிக்கையாளர்களில் எத்தனை சதவீதத்தினர் பணத்தை இழக்கின்றனர் என்பதை நிறுவனமே காட்ட வேண்டும். அப்போதைய ஆய்வுகளின்படி 74 முதல் 89 சதவீதமான சிறு கணக்குகள் நட்டத்திலேயே முடிந்திருந்தன.

தான் எதை வாங்குகிறோம் என்பதை முதலீட்டாளர் விளங்கிக்கொள்ளும் பொறுப்பை இந்த மூன்று வழிகளில் எதுவும் முழுமையாக ஏற்கவில்லை. போரில் வீடும் நகையும் இழந்து, வெளிநாட்டில் இரவு வேலை செய்து மீண்டும் சேர்த்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயம் அல்ல. அந்தப் பணத்தை மூன்றாம் முறை சேர்க்க வயது இடம் தராது.

செயலியில் ‘2x’, ‘3x’ என்ற குறியைக் கண்டால் மூன்று விடயங்களைப் பாருங்கள். பெருக்கம் ஒரு நாளுக்கா? பெருக்கப்படுவது சுட்டெண்ணா, தனிப்பங்கா? முழுத் தொகையும் போனால் வீட்டுச் செலவு நடக்குமா? மூன்றாவது கேள்வியை எந்த நாட்டுச் சட்டமும் உங்களுக்காகக் கேட்கப் போவதில்லை.